சூளை லோரோங்கின் மலைத் தண்ணீர்

குழாய் வந்து நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளில் கிருஷ்ணம்மா கடையில் பருப்பு வெந்தது ஒரே ஒரு நாள்தான்.

அவள் வைத்திருந்தது சாப்பாட்டுக் கடை. ஜோகூர் பாருவில் கடலுக்குச் சற்று மேலே, சூளை லோரோங் என்ற சந்தின் முனையில், தகரக் கூரை போட்ட இரண்டு அறை. முன்னறையில் இரண்டு நீள மேசை, பின்னறையில் அடுப்பு. தபால், ரயில், சுங்கம் என்று வேலைக்கு வந்த பிரம்மச்சாரிகள் பதினான்கு பேர் அங்கே மாதச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் மனைவி உண்டு. கடையில் எல்லோரும் பிரம்மச்சாரிகள்தான்.

கிருஷ்ணம்மா தெப்ராவ் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். புருஷன் பாம்பு கடித்துச் செத்தபின் ஒரு அண்டாவோடும் இரண்டு கரண்டியோடும் டவுனுக்கு வந்தாள். அவள் வைக்கும் சாம்பாருக்குப் பயந்து ஒருவர் பினாங்குக்குப் போக வேண்டிய மாற்றலையே வேண்டாம் என்றார். அங்கே இப்படி ஒன்று கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இப்போது ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கடை போனால் அவளுக்குத் தெப்ராவில் இடமில்லை, கப்பலில்தான் இடம். நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அவள் பிறந்ததே தெப்ராவ் தோட்டத்துக் கூலி லயத்தில்.

"அக்கா, இன்னைக்கு சாம்பாரா, கோலிக்குண்டா?" என்று கேட்டான் லெட்சுமணன்.

அவன் தபால் ஆபீஸில் கிராணி, எழுத்து வேலை. பதினான்கு பேருக்கும் வாய் அவன் ஒருவன்தான்.

"சாப்பிடு தம்பி. மென்னு சாப்பிட்டா உடம்புக்கு நல்லது."

"மெல்லுறது இருக்கட்டும். நேத்து ராத்திரி நான் தூக்கத்துல புரண்டா, வயித்துக்குள்ள கிலுகிலுங்குது. பக்கத்துப் படுக்கைக்காரன் கொலுசுன்னு நினைச்சு எழுந்து உட்கார்ந்துட்டான்."

மேசை சிரித்தது. கிருஷ்ணம்மாவும் சிரித்தாள். பின்னறைக்குப் போய் ஒரு பருப்பை எடுத்து நகத்தால் அழுத்தினாள். காலையில் விடியுமுன் ஏற்றிய உலை. நகம்தான் வளைந்தது.

*

குழாய்க்கு முன்னால் சூளை லோரோங்கில் இரண்டு தண்ணீர் இருந்தன. ஒன்று சந்தின் நடுவில் இருந்த கிணறு. அதற்குப் பக்கத்தில் முன்காலத்தில் கடற்சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளை ஒன்று இருந்தது. இப்போது அதில் மிச்சமிருப்பது சந்தின் பெயர் மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரில் வாசல் கழுவுவார்கள், செடிக்கு ஊற்றுவார்கள். சமைக்கவும் துவைக்கவும் எடுக்கமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. முன்னே இருந்தவர்கள் எடுக்கவில்லை, அதனால் பின்னே வந்தவர்களும் எடுக்கவில்லை.

இன்னொன்று காளியப்பன் தண்ணீர். மேட்டில் இருந்த ஊற்றிலிருந்து பீப்பாயில் பிடித்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு ஊற்றுவான். மாடு நடந்துகொண்டே சாணி போடும். காளியப்பன் வண்டியோட்டிக்கொண்டே வெற்றிலை துப்புவான். பீப்பாய்க்கு மூடி கிடையாது. குடித்தவர்கள் ஒருவரும் சாகவில்லை.

சந்தில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அரசாங்க உத்தியோகம். அவர்களில் ஒருவர் சோமசேகரம். தண்ணீர்க் கந்தோரில், அதாவது தண்ணீர் ஆபீஸில், ஓவர்சியர். மெலிந்த மனிதர், வெள்ளைக் கால்சட்டை, எதையும் மெதுவாகப் பேசுவார். சந்துக்குக் குழாய் போடுகிற வேலை அவர் கையில் வந்தது. திறப்பு விழாவுக்கு வெள்ளைக்காரத் துரை முதலில் தேதி குறித்தார். குழாய் போடுகிற வேலை அதன் பிறகுதான் தொடங்கியது.

தேதி தவறவில்லை. சந்தின் நடுவில் பித்தளைத் திருகு வைத்த ஒரு குழாய் நின்றது. பெண்கள் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். கோயில் பண்டாரம் சூடம் காட்டினார். பிறகு தேங்காயை உடைக்கக் கல்லைத் தேடினார், கிடைக்கவில்லை, குழாயின் தலையிலேயே உடைத்தார். அன்றிலிருந்து குழாய் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. துரை கையுறையோடு திருகைத் திருப்பினார். தண்ணீர் வந்தது. முதல் டம்ளரைத் துரைக்குக் கொடுத்தார்கள். அவர் மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதைப் பண்டாரத்திடம் கொடுத்தார்.

சோமசேகரம் இரண்டே வாக்கியம் பேசினார்.

"இது மலைத் தண்ணி. இனி ஒருதருக்கும் நோய் வருத்தம் வராது."

அன்றே கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். சுகாதாரம் என்றார் சோமசேகரம். பலகைமேல் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் ஓர் எண்ணெய் எந்திரத்தை வைத்துப் பூட்டினார்கள். காலையும் மாலையும் எந்திரம் தடதடவென்று ஓடும்போது குழாயில் தண்ணீர் வரும். மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீருக்கு எந்திரம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கம் வைத்தால் எதற்காவது வைத்திருக்கும்.

காளியப்பனுக்கு எந்திரம் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அவன் மாட்டைச் செனாயில் காய்கறித் தோட்டம் போட்ட ஒரு சீனனிடம் விற்றுவிட்டான். வண்டி இல்லாமல் மேட்டு ஊற்றிலிருந்து அண்டாத் தண்ணீர் கொண்டுவர முடியாது.

"எப்படிய்யா இருக்கு மெசின்?" என்று லெட்சுமணன் கேட்டான்.

"மாடு மாதிரி இல்லீங்க. சாணி போடாது," என்றான் காளியப்பன். அதற்குமேல் எந்திரத்தைப் பற்றி அவனிடம் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

*

மலைத் தண்ணீர் சந்தை மாற்றியது.

சவர்க்காரம் போட்டால் நுரை வரவில்லை, தயிர் மாதிரித் திரண்டது. அழுக்கே இல்லாத தண்ணீரில் நுரை எப்படி வரும் என்று லெட்சுமணன் விளக்கினான். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

வெந்நீர்ப் பாத்திரங்களின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியது. அது மலையின் சத்து என்றார் தம்பிராஜா. அவர் சுங்கத்தில் பெரிய கிராணி. பத்து வருஷமாகப் புளியேப்பம். படிவைக் கரண்டியால் சுரண்டி, தேன் விட்டு, காலையும் மாலையும் நக்கினார். மூன்றாம் நாள் ஏப்பம் நின்றது. அது உண்மையிலேயே நின்றது. சுண்ணாம்பு அந்த வேலையைச் செய்யும். ஆனால் தம்பிராஜா மலையைத்தான் கும்பிட்டார். சந்தில் உள்ள கெட்டில்களையெல்லாம் அவரே வந்து சுரண்டிக்கொண்டு போனார்.

ஒருத்திக்கு முடி நீளமாக வளர்ந்தது. ஒருவருக்கு முழங்கால் வலி போயிற்று. ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லாத ஒருத்தி குழாய் வந்த பதினைந்தாம் நாள், தனக்கு மூன்று மாதம் என்று சொன்னாள். அதுவும் குழாயின் கணக்கில் சேர்ந்தது.

கிருஷ்ணம்மாவின் பருப்பு மட்டும் சேரவில்லை.

முதலில் அவள் பருப்பைச் சந்தேகப்பட்டாள். தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடையில் வாங்குவதை விட்டு வேறு கடையில் வாங்கினாள். பிறகு விறகை மாற்றினாள். நல்லெண்ணெய் விட்டாள். கொட்டாங்குச்சித் துண்டு ஒன்றை உலையில் போட்டாள். சோடா உப்புப் போட்டபோது பருப்பு கரைந்தது, ஆனால் சாம்பார் சவர்க்காரம் மாதிரி நாறியது. நுரையும் வந்தது.

"குழாய்த் தண்ணியில வராத நுரை அக்கா சாம்பார்ல வருது. துணியை இங்கயே கொண்டாந்துடலாம் லா," என்றான் லெட்சுமணன்.

ஒரு நாள் மழை பெய்தது. அவள் அண்டாவைக் கூரைத் தகரத்தின் கீழ் வைத்து, விழுந்த தண்ணீரில் உலை வைத்தாள். பருப்பு வெண்ணெயாக வெந்தது. அன்று பதினான்கு பேரும் மூன்று முறை சாம்பார் கேட்டார்கள்.

"அக்காவுக்குக் கை திரும்பி வந்துருச்சு," என்றான் லெட்சுமணன்.

"கை இல்லை தம்பி, தண்ணி. இன்னைக்கு மழைத் தண்ணி."

"மலைத் தண்ணியில வேகாதது மழைத் தண்ணியில வேகுதா? அப்போ மலைக்கு எங்கேருந்து தண்ணி வருது? மழையில இருந்துதானே?"

மேசை அதை ஒப்புக்கொண்டது. அவள் அடுத்த கரண்டியை ஊற்றினாள். அதன் பிறகு மழையும் வரவில்லை. அந்த மாசி மாதம் வானம் துடைத்த தட்டு மாதிரிக் கிடந்தது.

பருப்பைத் தவிர்த்து ரசம், மோர்க்குழம்பு, மீன் என்று சில நாள் ஓட்டினாள். ஆனால் பதினான்கு பேரும் அவளிடம் வந்தது பருப்புக்காகத்தான். ரயில் நிலையத்துக்கு எதிரே தங்கராஜு புதிதாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தான். அங்கே சாம்பார் சுமார். ஆனால் கடிக்கவில்லை.

*

ஒரு சாயங்காலம் செல்லப்பாக்கியம் கடைக்கு வந்தாள். சோமசேகரத்தின் மனைவி. கையில் மூடிய கிண்ணம். புருஷன் மெதுவாகப் பேசுவதற்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

"கிருஷ்ணம்மா, உம்மட பருப்புக் கதையைச் சந்து முழுக்கக் கதைக்குது. தண்ணியில பிழை எண்டு நீர் சொல்லுறீராம். இஞ்ச பாரும், இதே குழாய்த் தண்ணிதான்."

மூடியைத் திறந்தாள். மஞ்சளாக, பால் விட்டு, கூழாக இருந்தது.

"கால் மணித்தியாலம். ஒரு கொதியில அவிஞ்சுபோச்சு."

கிருஷ்ணம்மா எட்டிப் பார்த்தாள். "இது மைசூர்ப் பருப்புங்கம்மா. இது அடுப்பைப் பார்த்தாலே வெந்துடும். நான் வைக்கிறது துவரம் பருப்பு."

"பருப்பு எண்டால் பருப்புத்தானே. என்ன, உம்மட பருப்புக்கு மட்டும் சாதி பாக்குமே தண்ணி?"

மேசையில் இருந்தவர்கள் கிண்ணத்தைக் கையில் வாங்கி ருசி பார்த்தார்கள். நன்றாக இருந்தது. வெந்த பருப்பைப் பார்த்து நாள் ஆகியிருந்ததால் மிகவும் நன்றாக இருந்தது. சூளை லோரோங்கில் யாழ்ப்பாணத்து வீடுகளில் மைசூர்ப் பருப்பு. மலாய்க்காரர் வீடுகளில் பருப்பே இல்லை. துவரம் பருப்பை உலையில் போடுகிறவள் கிருஷ்ணம்மா ஒருத்திதான். ஆகவே பிழை அவள் ஒருத்தியிடம்தான் இருக்க வேண்டும் என்று சந்து முடிவு செய்தது.

சோமசேகரத்துக்கும் அப்படித்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். அவர் பிறந்ததிலிருந்து துவரம் பருப்பு சாப்பிட்டதில்லை. தண்ணீருக்கும் பருப்புக்கும் ஒரு வழக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் சில நாளாக அவர் கடை வாசலைக் கடக்கும்போது குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

"தண்ணி ஐயா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்று கிருஷ்ணம்மா கூப்பிட்டாள்.

"இல்லை, இல்லை. வீட்டில இருக்கு."

"பருப்பை மட்டும் கடிச்சுப் பாருங்க ஐயா."

"எனக்குப் பல்லில நோவு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நாற்பதாம் நாள் லெட்சுமணன் பின்னறைக்கே வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். விளையாட்டாகப் பேசாத லெட்சுமணனை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"அக்கா, பசங்க தங்கராஜு கடைக்குப் போலாங்கிறாங்க. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அடுத்த வாரம் குழாய்க்கு மண்டலம் முடியுது. நாப்பத்தெட்டாம் நாள் பூசை, அன்னதானம். சமையல் உங்களுக்குன்னு வாங்கி வச்சிருக்கேன். அன்னைக்குப் பருப்பு வெந்தா எல்லாரும் இருப்பாங்க. வேகலைன்னா என்னால பிடிச்சு வைக்க முடியாது."

"குழாய்க்கு மண்டல பூசையா?"

"தம்பிராஜா ஐயா சொன்னாரு. குழாய்த் தண்ணியிலதான் சமைக்கணும்னும் சொல்லிட்டாரு. வேற தண்ணி ஒரு சொட்டு விட்டாலும் தோஷமாம்."

அவன் போனபின் அவள் அண்டாவைக் கழுவினாள். பதினான்கு பேர் போனால் அடுத்த மாதம் அறை வாடகை இல்லை. அறை இல்லாவிட்டால் கப்பல். இதை அவள் பலமுறை யோசித்துவிட்டாள். எப்படி யோசித்தாலும் வழி துறைமுகத்தில்தான் போய் நின்றது.

*

மறுநாள் காலை குழாயில் வாளி பிடித்தபோது அதில் ஒரு மீன் விழுந்தது.

விரல் நுனி அளவு. வாலில் ஒரு சிவப்புப் புள்ளி. வாளிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் குனிந்து பார்த்தார்கள்.

"மலை மீன்," என்றாள் ஒருத்தி.

"அவ்வளவு தூரம் குழாய்க்குள்ளயே நீந்தி வந்திருக்கு, பாவம்," என்றாள் இன்னொருத்தி.

யாரோ அதற்கும் குங்குமம் எடுக்கப் போனார்கள். கிருஷ்ணம்மா மீனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொசு அதிகமானபோது காளியப்பன் தெப்ராவ் ஆற்றிலிருந்து ஒரு டின்னில் மீன்குஞ்சு கொண்டுவந்தான். எல்லாவற்றுக்கும் வாலில் சிவப்புப் புள்ளி. அவற்றை அவன் எதில் கொட்டினான் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. டின்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

தலையைத் திருப்பித் தகரக் கொட்டகையைப் பார்த்தாள். உள்ளே எந்திரம் தடதடத்தது. கதவிடுக்கில் காளியப்பன் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனும் வாளியைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான்.

அங்கேயே அதைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்துப் பொம்பளை, பருப்பு வேகாத வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்பார்கள். முழங்கால் வலி போனவர் சண்டைக்கு வருவார். தம்பிராஜா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார். துரை திறந்த தண்ணீரைப் பற்றி அவள் சொல் எடுபடாது. யார் சொன்னால் எடுபடுமோ அவர் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு போகிறார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சோமசேகரத்தின் வீட்டுக்குப் போனாள். செல்லப்பாக்கியம் வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"என்ன, கிருஷ்ணம்மா?"

"மண்டல பூசைக்குச் சமையல் எனக்குன்னு சொல்லியிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. என் கை சரியில்லைன்னு ஊரே சொல்லுது. சாமி காரியம். நீங்க பருப்பை மட்டும் வச்சுக் கொடுங்க. பருப்பு, தண்ணி, விறகு எல்லாம் நான் எடுத்து வைக்கிறேன். உங்க கை பட்டா வெந்துடும்."

செல்லப்பாக்கியம் துருவுவதை நிறுத்தினாள். இப்படி ஒருவர் வந்து கேட்க வேண்டும் என்று அவள் நெடுநாளாகக் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"அதுக்கென்ன. பருப்பு எண்டால் பருப்புத்தானே."

உள்ளே சோமசேகரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது, பிறகு முன்னைவிட மேலே ஏறியது.

"இஞ்சாருங்கோ, கேட்டியளே? பூசைக்கு நான்தான் பருப்பு வைக்கிறன்."

"வேண்டாம்," என்றார் அவர்.

"ஏன்?"

அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். "புகை," என்றார்.

"நாப்பது வயசில எனக்குப் புகை புதுசே?"

*

நாற்பத்தெட்டாம் நாள் குழாய்க்குப் பட்டுத் துணி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் பந்தல், பந்தலின் ஓரத்தில் மூன்று கல் அடுப்பு. சந்தில் நடமாடக்கூடிய எல்லோரும் வந்திருந்தார்கள். தம்பிராஜா நெற்றி நிறையத் திருநீறு பூசி, மலையைப் பற்றித் தானே எழுதிய இரண்டு வரியைப் பாடினார். தங்கராஜுவும் வந்திருந்தான். சும்மா பார்க்க என்றான். பதினான்கு பேரையும் அவன் எண்ணிக்கொண்டிருந்ததை லெட்சுமணன் கவனித்தான்.

செல்லப்பாக்கியம் பட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு அண்டாவின் முன் நின்றாள். எல்லோர் கண்ணெதிரிலும் குழாயில் பிடித்த தண்ணீர். எல்லோர் கண்ணெதிரிலும் கழுவிய துவரம் பருப்பு. கிருஷ்ணம்மா கீழே உட்கார்ந்து விறகு தள்ளினாள்.

"பாருங்கோ, இப்ப அவிஞ்சுவிடும்," என்றாள் செல்லப்பாக்கியம்.

தண்ணீர் கொதித்தது. பருப்பு மேலும் கீழும் உருண்டது. சோறு வெந்து இறக்கியாயிற்று. கூட்டு முடிந்தது, அப்பளம் பொரித்தாயிற்று. பண்டாரம் பூசையை மெதுவாகச் செய்து, மறுபடியும் ஒருமுறை செய்தார். பருப்பு உருண்டுகொண்டிருந்தது.

வெயில் பந்தலுக்குள் வந்தது. இலை போட்டு உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்க் காலை உதறிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"அம்மா, பருப்பு கொஞ்சம் கூச்சப்படுது போல. நாங்க வேணும்னா திரும்பி உட்காரட்டுமா?" என்றான் லெட்சுமணன்.

கூட்டம் சிரித்தது. செல்லப்பாக்கியம் சிரிக்கவில்லை. கரண்டியில் நாலு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினாள். மறுபடியும் நசுக்கினாள். அவள் பேச்சு நின்றுபோயிருந்தது. சந்துக்கு அது புது அனுபவம்.

"அந்தம்மாவுக்கும் கை போச்சா?" என்றது ஒரு குரல்.

"தொத்து வியாதியா இருக்கும். கிருஷ்ணம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்காள்ல."

"என்ர வீட்டுக்காரி நேத்துக் கிருஷ்ணம்மா கையால மோர் வாங்கிக் குடிச்சவள்," என்று தம்பிராஜா கவலைப்பட்டார்.

கிருஷ்ணம்மா நிமிர்ந்து செல்லப்பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு நாளாக அண்டாத் தண்ணீரில் அவள் பார்த்துக்கொண்டிருந்த முகம். தான் நினைத்ததுதான் நடக்கிறது, ஆனால் அதில் ருசி இல்லை.

"அம்மா, கரண்டியைக் கொடுங்க," என்று மெதுவாகச் சொன்னாள். "என்னாலதான்னு சொல்லிடுறேன். எனக்குப் பழகிப்போச்சு."

"விடும்." செல்லப்பாக்கியம் கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். "இருவத்திரண்டு வருசமாச் சமைக்கிறன். என்ர கையில என்ன பிழை எண்டு எனக்குத் தெரியவேணும்."

கரண்டி நிறையப் பருப்பை அள்ளினாள். நீர் சொட்டச் சொட்ட, அதைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசைக்குப் போனாள். சோமசேகரம் கடைசி இலையில், கொட்டகைக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். அன்று குடையும் கிடையாது. அவர் இலையில் பருப்பைக் கொட்டினாள். ஒவ்வொன்றும் தனித்தனியாக உருண்டு போய் அப்பளத்தில் முட்டி நின்றது.

"இஞ்சாருங்கோ. கடிச்சுப் பாருங்கோ."

அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடிக்கிற சத்தம் கேட்டது. இன்னொன்று போட்டார். சந்து முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

"சொல்லுங்கோ. நீங்கள் ஓவர்சியர். தண்ணி நல்ல தண்ணி. பருப்பு நல்ல பருப்பு. அப்ப பிழை என்ர கையிலயா?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். பூசைக்காக அன்று விடாமல் ஓடிய எந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. பக்கத்து இலைக்காரருக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன?" என்றாள் செல்லப்பாக்கியம்.

அவர் மறுபடியும் சொன்னார். உதடு அசைந்தது.

"கேக்கேல்லை. சத்தமாச் சொல்லுங்கோ."

"ஐயா, எங்களுக்கும் கேக்கலை," என்றான் லெட்சுமணன். அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அப்போது கொட்டகைக்குள் தடதடப்பு இருமியது, இழுத்தது, நின்றது. காளியப்பன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கதவருகில் நின்றான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. சந்து ஒரேயடியாக அமைதியாயிற்று. பட்டுத் துணி கட்டிய குழாயில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, சொட்டாகி, அதுவும் நின்றது.

சோமசேகரம் எழுந்தார். கிருஷ்ணம்மாவை ஒருமுறை பார்த்தார். அவள் விறகைக் கீழே வைத்துவிட்டாள்.

"உம்மட கையில ஒரு பிழையும் இல்லை," என்று மனைவியிடம் சொன்னார். "கிருஷ்ணம்மாவின்ர கையிலயும் இல்லை."

"அப்ப?"

"மலையில இருந்து வரவேண்டிய குழாய் இன்னும் சிங்கப்பூர்த் துறைமுகத்தில கிடக்கு. துரை தேதி வைச்சிட்டார். நான் வேலை முடிஞ்சுது எண்டு எழுதிக் குடுத்திட்டன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தச் சந்து கேட்டதில்லை. "நீங்கள் எல்லாரும் இந்த நாப்பத்தெட்டு நாளும் குடிச்சது எங்கட பழைய கிணத்துத் தண்ணி."